அட்டை விளையாட்டு வடிவமைப்பாளர் ஆக முடியுமா? கோத்தகிரி வாசகிக்குப் பதில்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு. பள்ளி நாளிலிருந்தே போக்கிமான், மேஜிக் போன்ற டிரேடிங் கார்டு விளையாட்டுகள் (அட்டைகளைச் சேகரித்து, மாற்றிக்கொண்டு, சொந்தக் கட்டு அமைத்து ஆடுபவை) என்றால் உயிர். நானே ‘சோலை’ என்று ஒன்றை உருவாக்கி வருகிறேன். நீலகிரி விலங்குகள், மரங்கள், மழை என்று 140 வகை அட்டைகள். அண்ணன் படம் வரைகிறான். அட்டையின் பின்பக்கத்தில் தோடர் பூத்தையல் வடிவம் போட ஆசை. ஒரு மாதிரி அட்டையும் அனுப்புகிறேன். ஆளுக்கு 40 அட்டைக் கட்டு, தொடக்கத்தில் கையில் 5. கட்டில் 10 மழை அட்டைகள். மழை இருந்தால்தான் விலங்கை இறக்க முடியும். தோழிகளோடு ஆடும்போது சிலருக்கு மழையே வருவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். புலி இறங்கிவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிகிறது. குறிஞ்சி அட்டையில் முறைக்கு ஒரு வில்லை வைத்து 12 சேர்ந்தால் பூக்க வேண்டும். ஒருமுறைகூடப் பூத்ததில்லை, ஏனென்றால் ஆட்டம் ஆளுக்கு எட்டு, ஒன்பது முறையில் முடிந்துவிடுகிறது. இதைப் பாக்கெட் பாக்கெட்டாக அச்சடித்து விற்கலாமா? கம்பெனிக்கு அனுப்பினால் திருடிவிடுவார்களா? இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா? அப்பா பி.எட். சேரச் சொல்கிறார்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

தொழில் கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். டிரேடிங் கார்டு விளையாட்டை வடிவமைப்பதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் உலகம் முழுவதிலும் மிகக் குறைவு. பெரும்பாலோர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். அந்த நாற்காலியை மட்டும் குறிவைத்து மலையிறங்காதீர்கள். ஆனால் அந்த வேலைக்குள் இருக்கும் கைத்தொழிலுக்கு இங்கேயே இடம் உண்டு: விதி எழுதுவது, நிகழ்தகவு பார்ப்பது, சோதிப்பது, வெட்டியெறிவது. அதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மழை வராதது, புலி, குறிஞ்சி என்று மூன்று கோளாறுகளைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டை உருவாக்கும் பலர் ‘எல்லாரும் ரசித்தார்கள்’ என்றுதான் எழுதுவார்கள்.

எனவே அட்டைகளிலிருந்தே தொடங்குவோம்.

நீங்கள் கணித மாணவி. மழைக் கணக்கை நீங்களே போட்டிருக்கலாம். 40 அட்டையில் 10 மழை, கையில் 5. மழையே இல்லாத கை வரும் வாய்ப்பு, 30-இல் 5 எடுக்கும் வகைகளை 40-இல் 5 எடுக்கும் வகைகளால் வகுத்தால் வருவது: 1,42,506 / 6,58,008. அதாவது 21.7 சதவீதம். ஐந்து கைகளில் ஒன்றுக்கும் மேல் வறண்ட கை. இரண்டு பேர் ஆடுவதால், யாராவது ஒருவராவது வறண்டு தொடங்கும் ஆட்டங்கள் பத்தில் ஏறக்குறைய நான்கு. உங்கள் தோழிகளுக்கு நேர்ந்ததை அதிர்ஷ்டக்குறைவு என்று எண்ண வேண்டாம். கட்டே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மழையை 14 ஆக்கினால் 10 சதவீதம், 16 ஆக்கினால் 6.5 சதவீதம். 16 வைத்து, பிடிக்காத கையை ஒருமுறை கலைத்துப் போட்டு வேறு 5 எடுக்கலாம் என்றும் விதி வைத்தால், இரண்டு முறையும் வறண்டு போவது 0.4 சதவீதம். மேஜிக் ஆட்டத்தில் உங்கள் மழையின் வேலையைச் செய்வது ‘நிலம்’ அட்டை; 60 அட்டைக் கட்டில் நிலம் 24 என்பது பழகிய அளவு. அதுவும் ஐந்தில் இரண்டு பங்குதான்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. 2002-இல் ஜப்பானில் வந்த டூயல் மாஸ்டர்ஸில் எந்த அட்டையையும் சக்தியாக வைத்துக்கொள்ளலாம். தனி நிலம் என்று ஒன்று கிடையாது. 2014-இல் வந்த ஹார்த்ஸ்டோன் என்ற கணினி அட்டை ஆட்டத்தில் முறைக்கு ஒன்றாகச் சக்தி தானே ஏறும், 10 வரை. இரண்டிலும் வறட்சி கிடையாது. ஆனால் உங்கள் ஆட்டத்தில் மழை என்பது வெறும் செலவுக் காசாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. தென்மேற்குப் பருவம் கூடலூர்ப் பக்கம் கொட்டும். கோத்தகிரிச் சரிவு வடகிழக்கையும் நம்பியிருக்கும். இந்த வேறுபாட்டை இருவகை மழை அட்டைகளாக்கினால் கட்டு அமைப்பதிலேயே ஒரு தீர்மானம் பிறக்கும். அதனால் மழை அட்டையை விடாதீர்கள். எண்ணிக்கையை 16 ஆக்குங்கள்.

மீதி 24 அட்டைகளை விலைவாரியாக அடுக்கிப் பாருங்கள். 1 மழைக்கு நான்கு, 2-க்கு ஏழு, 3-க்கு ஆறு, 4-க்கு நான்கு, 5-க்கு இரண்டு, 6-க்கு ஒன்று. இது தொடக்கப் புள்ளி மட்டும்தான். விலை கூடிய அட்டைகளை எல்லாருக்கும் பிடிக்கும் என்பதால் புதியவர்கள் மேல்பக்கம் கனமாக வைத்துவிடுவார்கள். பிறகு முதல் மூன்று முறைகளில் களம் காலியாகக் கிடக்கும்.

புலிக்கு வருவோம். புலியின் வலிமையைக் குறைக்க வேண்டாம். புலி புலியாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மாற்று இல்லாததுதான் குறை. முதுமலைக் காட்டில் செந்நாய் கூட்டமாகத்தான் வேட்டையாடும். அதையே விதியாக்குங்கள்: 2 மழைச் செந்நாய், வலிமை 2, களத்தில் உங்களிடம் இருக்கும் மற்ற ஒவ்வொரு செந்நாய்க்கும் +1. மூன்று செந்நாய் சேர்ந்தால் ஒவ்வொன்றும் 4. சேர்ந்து தாக்கினால் 12. புலியின் வலிமை 9 என்றால் செந்நாய்க் கூட்டம் அதை விரட்டும், தனிச் செந்நாய் சாகும். முக்கியமான ஒன்று: இந்த மாற்று எளிதில் கிடைக்கும் அட்டையாக இருக்க வேண்டும். வலிய அட்டைக்கு மாற்றும் அரிய அட்டையாகவே இருந்தால், இரண்டும் வைத்திருப்பவர் மட்டும்தான் ஜெயிப்பார்.

குறிஞ்சியில் கணக்கு நேரடியாகவே இடிக்கிறது. ஆளுக்கு 9 முறை ஓடும் ஆட்டத்தில், உங்கள் முறைக்கு ஒரு வில்லை என்றால் 12 எட்டவே எட்டாது. 12 என்ற எண்ணை விடக் கூடாது. 2006, 2018 என்று பூத்ததை இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். எண்ணும் விதத்தை மாற்றுங்கள். இருவர் முறையின் முடிவிலும் ஒரு வில்லை; யார் மழை இறக்கினாலும் இன்னொன்று. மூன்றாம் முறையில் இறக்கிய குறிஞ்சிக்கு ஒரு சுற்றில் இருவர் முறைக்கும் 2, இருவரும் மழை இறக்கினால் மேலும் 2. ஆக ஏறத்தாழ மூன்று நான்கு சுற்றில், ஆறாவது ஏழாவது முறை வாக்கில் பூக்கும். எதிராளிக்கு ஒரு தர்மசங்கடமும் வருகிறது: தான் மழை இறக்கினால் உங்கள் குறிஞ்சிக்கும் உதவி. இப்படி எதிராளியும் யோசிக்கும்படி செய்யும் அட்டைதான் நல்ல அட்டை.

140 வகை அதிகம். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் மேஜிக் முதல் பதிப்பு 295 அட்டைகளோடு வந்தது உண்மை. அதற்கு முன்னால் பல்கலைக்கழக நண்பர்கள் குழுக்கள் அதை நீண்டகாலம் ஆடித் தேய்த்திருந்தன. உங்களுக்கு இப்போது 40 வகை போதும். எதை வைப்பது என்று தடுமாறினால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அட்டை இல்லாவிட்டால் எந்தத் தீர்மானம் காணாமல் போகும்? பதில் இல்லையென்றால் அட்டை போகட்டும். மலபார் அணிலும் கருமந்தியும் ஒரே வேலையைச் செய்தால் ஒன்றுதான் நிற்க வேண்டும், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். வரையாட்டுக்குப் புல்வெளியில் மட்டும் இடம், கருமந்திக்குச் சோலையில் மட்டும் என்று களத்தை இரண்டாகப் பிரித்து, புல்வெளி இடங்களை முறைக்கு ஒன்றாக விழுங்கும் சீகை மரம் என்று ஒரு அட்டை வைத்துப் பாருங்கள். நீலகிரியில் நடப்பதும் அதுதான். ஆட்டத்துக்கும் ஒரு காலக்கெடு கிடைக்கும்.

அட்டையின் வாசகத்தில்தான் மிகுந்த நேரம் செலவிட வேண்டும். நீங்கள் அனுப்பிய மாதிரி: “சிறுத்தை வந்தால் ஒரு விலங்கை அழி.” இதில் எத்தனை சண்டை ஒளிந்திருக்கிறது பாருங்கள். கையிலிருந்து இறக்கினால் மட்டுமா, கழிவுக் குவியலிலிருந்து திரும்பி வந்தாலும் உண்டா? யாருடைய விலங்கு? எதிராளியிடம் விலங்கே இல்லை, என்னிடம் மட்டும் இருக்கிறது என்றால் என் விலங்கையே அழிக்க வேண்டுமா? யானையையும் அழிக்குமா? அழிந்த அட்டை எங்கே போகும்? இப்படி எழுதலாம்: “சிறுத்தையைக் கையிலிருந்து களத்தில் இறக்கும்போது, எதிராளியின் விலங்குகளில் வலிமை 3 அல்லது அதற்குக் குறைவான ஒன்றைத் தேர்ந்து கழிவில் போடலாம்.” நீளம்தான்; ஆனால் கேள்வி எழாது.

முதலில் இடங்களுக்குப் பெயர் வையுங்கள்: கட்டு, கை, களம், கழிவு. பிறகு ஒவ்வொரு செயலுக்கும் ஒரே வினை. கட்டிலிருந்து ‘எடு’, களத்தில் ‘இறக்கு’, கழிவில் ‘போடு’. ஒரு அட்டையில் ‘எடு’, இன்னொன்றில் ‘உருவு’ என்று அழகுக்காக மாற்றினால், ஆடுபவர் இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைப்பார். ‘போடலாம்’ என்றால் விருப்பம், ‘போட வேண்டும்’ என்றால் கட்டாயம். இந்த இரண்டும் எந்த அட்டையிலும் குழம்பக் கூடாது. ‘இறக்கும்போது’ வேறு, ‘இறக்கிய பின்’ வேறு. எதிராளி குறுக்கிடலாமா என்பது அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. ‘அதன்’ என்று எழுதினால் எதன் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு விலங்குகள் வரும் வாசகத்தில் பெயரையே திரும்ப எழுதுவது நல்லது. நான்கு வரிக்கு மேல் போகும் வாசகம் அநேகமாக இரண்டு அட்டைகளாகப் பிரிய வேண்டியது.

சோதனை ஆட்டத்துக்கு அச்சகம் வேண்டாம். சாதாரணத் தாளில் எழுதி வெட்டி, பழைய சீட்டுக்கட்டின் அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் நுழைத்துவிடுங்கள். 63 × 88 மி.மீ. அட்டைக்கு 66 × 91 உறை பொருந்தும். திருத்தம் வந்தால் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

முதலில் இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள். பெரிய ஓட்டைகள் அதிலேயே தெரியும். அடுத்து தோழிகள். மூன்றாவதுதான் உண்மையான சோதனை: உங்களைத் தெரியாதவர்களிடம் பெட்டியையும் விதித்தாளையும் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் தவறாக ஆடினாலும் திருத்தக் கூடாது. எந்த வரியில் தடுமாறினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரிதான் தவறு. கோத்தகிரியில் இதற்கு உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏப்ரல், மே சீசனில் தங்கும் விடுதிகளிலும் வீட்டு விடுதிகளிலும் சாயங்காலம் மழையில் வெளியே போக முடியாமல் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். அறிமுகமான விடுதிக்காரரிடம் ஒரு பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நோட்டில் ஒரு வரி: தேதி, பதிப்பு எண், முதலில் ஆடியவர், ஜெயித்தவர், மொத்த முறைகள், நிமிடங்கள், முடிவில் கையில் தேங்கிய அட்டைகள், கேட்ட கேள்விகள். கையில் அடிக்கடி தேங்கும் அட்டை விலை கூடியது அல்லது பயனற்றது. ஒரு பதிப்புக்கு ஒரு மாற்றம்தான். மழையையும் புலியையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. எண்களைக் கண்டு அவசரப்படவும் வேண்டாம். 20 ஆட்டத்தில் முதலில் ஆடியவர் 12 ஜெயித்தார் என்பது ஒன்றையும் நிரூபிக்காது. நாணயம் சுண்டினாலும் 12-ஓ அதற்கு மேலோ வருவது நான்கில் ஒரு தடவை நடக்கும். 100-இல் 65 என்றால் நிச்சயம் கோளாறு. அப்போது முதலில் ஆடுபவர் முதல் முறையில் அட்டை எடுக்கக் கூடாது என்று வையுங்கள், மேஜிக்கில் அப்படித்தான். போக்கிமானில் அவர் முதல் முறையில் தாக்க முடியாது.

இனி பாக்கெட் விற்பனை, அதாவது உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வைப்பது. இது வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் 140-இல் அரிய அட்டை 30 வகை, பாக்கெட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு அட்டை கிடைக்கச் சராசரியாக 30 பாக்கெட் வாங்க வேண்டும். முப்பதும் சேரச் சராசரியாக 120 பாக்கெட். மாற்றிக்கொள்ள ஊரில் ஐம்பது பேராவது இருந்தால்தான் இது தாங்கும். இல்லையென்றால் வாங்கிய முதல் குழந்தை மூன்றாம் பாக்கெட்டோடு நிறுத்திவிடும். அச்சகத்துக்கும் தொல்லை: அரிது, நடுத்தரம், சாதாரணம் என்று தனித்தனித் தாள்களாக அடித்து, கலந்து, ஒரே பாக்கெட்டில் ஒரே அட்டை இரண்டு விழாமல் அடுக்க வேண்டும். அதோடு சில மாதங்களுக்கு ஒருமுறை புதுத் தொகுதி வந்துகொண்டே இருக்க வேண்டும். தனியாள் செய்யக்கூடிய வேலை இல்லை.

மாறாக, எல்லா அட்டையும் அடங்கிய ஒரே பெட்டி. இரண்டு பேருக்கு இரண்டு கட்டு, 80 அட்டை. வாங்கியவர் அன்றே ஆடலாம். 2008-இல் வந்த டொமினியன் முதல் இன்றுவரை, குருட்டுப் பாக்கெட் இல்லாமல் பெட்டியாகவே விற்று நிலைத்த அட்டை விளையாட்டுகள் நிறைய. பெட்டி ஓடினால் விரிவாக்கம் பிறகு.

மாதிரிப் பெட்டிகளைக் கோயம்புத்தூரில் டிஜிட்டல் அச்சில் எடுக்கலாம். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் உபரி ஓரம்) விட்டால் ஒரு அட்டை 69 × 94 மி.மீ. இடம் பிடிக்கும், 12 × 18 அங்குலத் தாளில் 18 அட்டை உட்காரும். 80 அட்டைக்கு 5 தாள், 90 இடம். மிஞ்சும் 10 இடங்களில் விதிச்சுருக்கமும் வில்லைகளும் போடுங்கள். 300 ஜி.எஸ்.எம். (தாளின் எடை அளவு) ஆர்ட் கார்டு கேளுங்கள். எழுத்தையும் விலை எண்ணையும் வெட்டுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே வையுங்கள். பின்பக்கத்துக்கு மெல்லிய வெள்ளைக் கரை போடாதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு மி.மீ. விலகினாலே கரை ஒருபக்கம் தடிக்கும், அதை வைத்து அட்டையை அடையாளம் கண்டுவிடலாம். கரையில்லாத வடிவம் பாதுகாப்பு. தோடர் பூத்தையல் வடிவத்தைப் பின்பக்கத்தில் போட ஆசை என்று எழுதியிருந்தீர்கள். அது அந்த மக்களின் சொத்து, புவிசார் குறியீடும் பெற்றது. தையல் செய்யும் பெண்களிடம் பேசி, சம்மதமும் பங்கும் பற்றி முடிவான பிறகே தொடுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனி எச்சரிக்கை. யூனிகோடில் தட்டிய கோப்பை அச்சகக் கணினியில் திறந்தால் கொம்பும் காலும் பிரிந்து நிற்பது அடிக்கடி நடக்கும். எழுத்துகளைக் கோடுகளாக (அவுட்லைன்) மாற்றிய பி.டி.எஃப். மட்டும் கொடுங்கள், ‘கொ’, ‘ணை’, ‘ஸ்ரீ’ வரும் அட்டைகளை அச்சுப்படியில் கண்ணால் பாருங்கள். 8 புள்ளிக்குக் கீழே போனால் ‘ண’வும் ‘ன’வும் மங்கல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும்.

மேட்டுப்பாளையத்தில் நேராக இருந்த அட்டை கோத்தகிரி வந்ததும் வளைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். லேமினேஷன் ஒருபக்கம் மட்டும் இருந்தால், திறந்த பக்கம் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி விரியும், மூடிய பக்கம் விரியாது, அட்டை வில்லாகும். இருபக்கமும் ஒரே வகை லேமினேஷன் போடச் சொல்லுங்கள். ஒரு மாதிரித் தாளை அக்டோபர், நவம்பர் மழையில் ஒரு வாரம் மேசையில் திறந்து வைத்துப் பார்த்த பிறகே ஆயிரம் பெட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். பெட்டியைச் சுருக்குத் தாளில் மூடும் வேலையைப் பனி இறங்கிய நாளில் செய்தால் ஈரமும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

இப்போது வருமானம். கடையில் 600 ரூபாய்க்கு விற்கும் பெட்டி வெளியீட்டாளர் கையில் 300 ரூபாயாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், வடிவமைப்பாளர் பங்கு 6 சதவீதம் என்றால் பெட்டிக்கு 18 ரூபாய். ஆயிரம் பெட்டிக்கு 18,000. இந்த எண்ணை அப்பாவிடம் மறைக்காமல் காட்டுங்கள். சம்பளம் வேறு வழியில் வரும். பெங்களூரு, ஹைதராபாத், புனே மொபைல் விளையாட்டு நிறுவனங்களில் கேம் டிசைனர், எகனாமி டிசைனர், டெஸ்டர் வேலைகள் உண்டு. பரிசு எத்தனை தடவைக்கு ஒருமுறை விழும், சக்தி எவ்வளவு வேகத்தில் ஏறும் என்று பார்ப்பது நீங்கள் மழைக்குச் செய்யும் அதே கணக்குதான். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அந்தப் பக்கம் யாராவது வேலைக்கு அழைத்தால் போக வேண்டாம். அப்பாவின் பயம் அந்த அளவில் நியாயமானது.

நேர்காணலில் அழகான அட்டையைவிட உங்கள் சோதனை நோட்டுதான் பேசும். ‘பதிப்பு 0.3-இல் வறண்ட கை 21.7 சதவீதம், 0.4-இல் மழை 16. பிறகு 50 ஆட்டத்தில் இப்படி ஆனது’ என்று இரண்டு பக்கம் எழுதிக் காட்டுபவர் அபூர்வம். மேஜிக்கின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர்கூட அந்த விளையாட்டின் பத்திரிகைக்குப் புதிர் எழுதித்தான் உள்ளே போனார். ஆடி, ஆராய்ந்து, தமிழில் எழுதுங்கள். பி.எட். சேர்வதில் எனக்கு மறுப்பில்லை. பெட்டி முடியும்வரை வீட்டில் இருந்து படிக்க அது இடம் தரும். நிகழ்தகவு பாடத்துக்கு உங்கள் அட்டைகளையே வகுப்பில் சோதிக்கலாம். எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை என்றாலும் நோட்டை நிறுத்தாதீர்கள்.

திருட்டு பற்றி: ‘மழை வைத்து விலங்கு இறக்குவது’ என்ற யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, வாசகத்துக்கும் படத்துக்கும் உண்டு. பெரிய நிறுவனங்கள் கேட்காமல் வரும் அட்டைகளைப் படிப்பதே இல்லை, பின்னால் வழக்கு வரும் என்பதால். அதனால் திருட்டைவிட ஒப்பந்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும்’ என்று அச்சடித்த தாள் வந்தால் கையெழுத்திடும் முன் மூன்று வரிகளைக் கேட்டு வாங்குங்கள்: பெட்டியில் உங்கள் பெயர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, இரண்டாண்டு அச்சிடாமல் வைத்திருந்தால் உரிமை உங்களிடமே திரும்பும் என்பது. அண்ணன் வரைந்த படங்களுக்கும் அவரோடு ஒரு பக்க ஒப்பந்தம் இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். இணையப் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்த படம் ஏதாவது இருந்தால், அதை மட்டும் புதிதாக வரையச் சொல்லுங்கள்.